செத்தவருக்குச் சோறு போட்டது யார்?

எகிப்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் அந்த வாக்கியம் வந்து விழுந்துவிடும்: 'மரணத்தையே நினைத்து வாழ்ந்த மக்கள்.' யூட்யூப் ஆவணப்படமோ, பயணக் கட்டுரையோ, அருங்காட்சியகச் சுவரில் ஒட்டிய அறிமுகக் குறிப்போ, எதுவானாலும் சரி. சொல்பவர் கொஞ்சம் இலக்கிய ருசி உள்ளவர் என்றால் 'மரணத்தை வென்றவர்கள்' என்பார். எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் ரொம்ப நாளாகக் கோபம். தப்பான வாக்கியம் என்பது ஒரு காரணம். இந்தத் தப்பு யாருக்கு வசதியாக இருக்கிறது என்பது இன்னொரு காரணம், பெரிய காரணம்.

முதலில் சாட்சியத்தைப் பார்ப்போம். எகிப்தியர்கள் குடியிருந்த வீடுகள் பச்சை மண் செங்கல்லால் ஆனவை. நைலின் வெள்ளச் சமவெளியில், வயலை ஒட்டி இருந்தவை. வெள்ளம் கரைத்தது, அடுத்த தலைமுறை இடித்து அதன் மேலேயே கட்டியது, அதற்கும் மேலே இன்றைய ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன. கல்லறைகளோ பாலைவன விளிம்பில், ஈரமே படாத பாறையில் குடைந்தவை. எது மிஞ்சும்? ஒரு கம்பெனியின் சர்வர் அத்தனையும் எரிந்துபோய், ஓய்வூதியக் கோப்பு இருந்த ஒரே ஒரு டிஸ்க் மட்டும் தப்பியது என்று வையுங்கள். அதைப் படித்துவிட்டு 'இவர்கள் வேலையே செய்யவில்லை, ஓய்வைப் பற்றியே தியானித்தார்கள்' என்று ஒருவர் புத்தகம் எழுதினால் சிரிக்க மாட்டோமா? எகிப்து விஷயத்தில் அதைத்தான் கைதட்டி ரசிக்கிறோம். தப்பித்தவறி ஓர் ஊர் மணலுக்குள் மிஞ்சிய இடத்தில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். டெய்ர் எல்-மதீனாவில் கிடைத்தவை சலவைக் கணக்கு, காதல் பாட்டு, வாடகைக்கு எடுத்த கழுதை செத்துப்போனதால் வந்த வழக்கு.

சரி, கல்லறைகளையே எடுத்துக்கொள்வோம். உள்ளே போனால் மரணம் எங்கே இருக்கிறது? இருப்பது ரொட்டி. பீர். மாட்டுத் தொடை, வாத்து, வெங்காயம், திராட்சை. இறந்தவருக்காக எழுதப்படும் நிலையான வாசகம் ஒன்று உண்டு, ஆயிரமாண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய மாறாமல் வந்தது. அரசன் தெய்வத்துக்குத் தரும் படையலிலிருந்து இன்னாருடைய 'கா'வுக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை போய்ச் சேரட்டும் என்பது அதன் சாரம். 'கா' என்றால் உயிர்ச்சக்தி என்று மொழிபெயர்த்துவிட்டு நாம் உடனே கண்ணை மூடித் தத்துவத்துக்குப் போய்விடுவோம். எகிப்தியருக்கு அது பசிக்கும் பொருள். செத்த பிறகும் சாப்பிட்டாக வேண்டும். சோறு நின்றால் இரண்டாவது முறை சாவு. கல்லில் செதுக்கிய பொய்க் கதவு ஒன்றின் முன்னால் தினமும் யாராவது வந்து படைக்க வேண்டும். அவர்கள் வராமல் போனால்? அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். வழிப்போக்கரைப் பார்த்துக் கெஞ்சும் வாசகங்கள் கல்லறை வாசலில் உண்டு: இந்த வாசகத்தை உரக்கப் படித்துவிட்டுப் போ, உனக்குச் செலவு ஒன்றுமில்லை, வாயிலிருந்து போகும் மூச்சு மட்டும்தான் என்று.

இந்தக் கெஞ்சலில் எனக்குத் தெரிவது நம்பிக்கையைவிடக் கவலை. பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், பூசாரி ஏமாற்றிவிடுவான் என்ற கவலை. அஸ்யூத் நகரத்தின் ஆளுநர் ஜெஃபாய்ஹாபி, கி.மு. 20ஆம் நூற்றாண்டுக்காரர், முதலாம் செனுஸ்ரெத் காலத்தவர். தன் கல்லறைச் சுவரில் அவர் வெட்டிவைத்தது வேதாந்தம் இல்லை, பத்து ஒப்பந்தங்கள். எந்தத் திருவிழா இரவில் எந்தப் பூசாரி எத்தனை ரொட்டி, எவ்வளவு பீர், எத்தனை விளக்குத் திரி தர வேண்டும், பதிலுக்கு அவருக்கு எந்த நிலம், எந்த வருமானம் என்று வரிவரியாக. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இது என் அப்பா வழிச் சொத்து, அது என் பதவி வழியாக வந்த சொத்து என்று பிரித்து எழுதுகிறார். பதவிச் சொத்தில் அடுத்து வருகிற ஆளுநர் கைவைக்க முடியும் என்று அந்த மனிதருக்குத் தெரியும். நான் ஐ.டி. கம்பெனியில் குப்பை கொட்டுகிறவன். ஏ.எம்.சி. ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதுதான். நித்தியத்துக்கு எடுத்த ஏ.எம்.சி.

இங்கிருந்துதான் என் வாதம். எகிப்தியக் கல்லறையின் மையக் கேள்வி 'செத்த பிறகு என்ன' என்பதல்ல. செத்த பிறகும் எனக்காக யார் உழைப்பது, யார் சோறு போடுவது என்பது. அதை நாம் மரணம், நித்தியம், மறுமை என்று பூசி மெழுகும்போது அந்த 'யார்' என்ற கேள்வி காணாமல் போகிறது. உழைத்தவர்கள் காணாமல் போகிறார்கள்.

சக்காராவில் தீ என்ற அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ஐந்தாம் வம்சம், இன்றைக்குச் சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன். அங்கே ஒரு காட்சி. மாட்டு மந்தை தண்ணீரைக் கடக்க வேண்டும். மேய்ப்பவன் ஒருவன் கன்றுக்குட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்குகிறான். கன்று கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்க்கிறது. தாய் அதைப் பார்த்தபடி பின்னால் வருகிறது, அதன் பின்னால் மொத்த மந்தையும். கல்லில் இதைவிட ஈரமான ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. போட்டோவில்தான் பார்த்தேன், அதற்கே இந்தப் பாடு. இதைச் செதுக்கியவனுக்கு மாடும் தெரியும், தாயும் தெரியும்.

கலை விமர்சகர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் 'அன்றாட வாழ்க்கைக் காட்சிகள்'. இந்தப் பெயரைத்தான் நான் ஏற்க மாட்டேன். யாருடைய அன்றாடம்? சுவரில் தீ எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். மற்றவர்களைவிடப் பல மடங்கு பெரிய உருவமாக, கையில் கோலோடு நிற்கிறார், அல்லது படகில் அசையாமல் நின்று நீர்யானை வேட்டையைப் பார்க்கிறார். குத்துகிறவர்கள் அவருடைய ஆட்கள். இந்த வகைக் காட்சிகளின் தலைப்பிலேயே எழுதியிருக்கும், இன்னார் வயல் வேலைகளைப் பார்வையிடுகிறார் என்று. விதைப்பவன், அறுப்பவன், போரடிப்பவன், ரொட்டி சுடுகிறவள், படகு கட்டுகிறவன் எல்லோரும் குறுக்குவரிசைகளில், ஒரே உயரத்தில், சின்னச் சின்னதாக. இது பண்ணையின் சொத்துப் பதிவேடு. அந்த மேய்ப்பவனும் பதிவேட்டில் ஓர் உருப்படி. நித்தியத்துக்கும் அந்தக் கன்றைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நிற்க வேண்டியவன்.

அதே சக்காராவில் மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறை, முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். அதில் ஊர்த்தலைவர்களைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்கள். வரி பாக்கிக்காக ஒருவரைத் தூணோடு சேர்த்து அடிக்கிறார்கள். சொர்க்கத்துக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்களின் பட்டியலில் இந்தப் பிரம்படியும் இருக்கிறது. அந்தச் சுவரின் முன்னால் நின்றுகொண்டு 'ஆஹா, என்ன கோட்டோவியம்' என்று சொல்லும்போது நாம் மெரெருகாவின் கண்ணால்தான் பார்க்கிறோம். வேறு கண் நமக்குத் தரப்படவே இல்லை.

இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஷப்தியைக் காட்டுகிறேன். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் நீல நிறத்தில் அழகாக வரிசை கட்டி நிற்குமே, உள்ளங்கை அளவு பொம்மைகள், அவைதான். பரிசுப்பொருள் கடையில் அதன் நகலை வாங்கி ஷெல்ஃபில் வைக்கிறோம். அது எதற்கு? மறுமை உலகத்தில் வயல் இருக்கிறது, அங்கே கட்டாய வேலைக்கு ஆள் கூப்பிடுவார்கள். பாத்தி கட்ட, தண்ணீர் பாய்ச்ச, மணல் சுமக்க. அப்போது எஜமானருக்குப் பதில் எழுந்து 'இதோ இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டியது இந்தப் பொம்மை. அந்த மந்திரத்தை அதன் உடம்பிலேயே எழுதியிருப்பார்கள். துட்டன்காமன் கல்லறையில் 413 ஷப்திகள். நாளைக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒருவராக 36 மேஸ்திரிகள், மாதத்துக்கு ஒருவராக மேலும் 12 மேற்பார்வையாளர்கள். பிற்காலத்தில் மேஸ்திரி பொம்மைகளின் கையில் சவுக்கே கொடுத்துவிட்டார்கள். மனித குலம் கற்பனை செய்த சொர்க்கங்களில் ஆர்க் சார்ட்டோடு வந்தது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இதற்கான ரசீது ஒன்றுகூட இருக்கிறது. பாப்பிரஸில் எழுதியது. பொம்மை செய்தவர், 365 ஷப்தியும் 36 மேஸ்திரியும் ஆக 401 உருப்படிகளை விற்று, வெள்ளியில் விலையை வாங்கிக்கொண்டேன் என்று எழுதித் தருகிறார். பிறகு பொம்மைகளைப் பார்த்தே பேசுகிறார்: உங்களுக்கான விலை வந்துவிட்டது, இனி போய் அந்தப் பெரியவருக்கு வேலை செய்யுங்கள் என்று. கூலி தராமல் வாங்கும் வேலை செல்லாது என்ற உறுத்தல் எங்கேயோ இருந்திருக்கிறது. பொம்மைக்காவது.

மனிதர்களுக்கு? அதற்குத் திரும்ப டெய்ர் எல்-மதீனாவுக்குப் போக வேண்டும். அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து வரைந்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. மதிலுக்குள் எழுபது வீடு இருந்தால் அதிகம். பத்து நாள் வாரம். இடப்பக்க அணி, வலப்பக்க அணி என்று கப்பல் துடுப்புக்காரர்களைப் போல இரண்டு அணி. திரிகளை எண்ணிக் கொடுத்து எண்ணிக் கணக்கு வைத்தார்கள், குகைக்குள் வெளிச்சம் அதுதான். ஹொரெம்ஹெப் அரசனின் கல்லறை பாதியில் நின்றுபோனதால் அவர்களுடைய வேலைமுறை அப்படியே தெரிகிறது. ஒருவன் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறான், இன்னொருவன் கறுப்பு மையில் திருத்தியிருக்கிறான். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கோட் ரிவ்யூ. சிவப்பு மைக்காரனின் அன்றைய மனநிலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதிய வருகைப் பதிவேடு, சுண்ணாம்புக் கல் சில்லில் எழுதியது, அப்படியே கிடைத்திருக்கிறது. நாற்பது பேர், 280 நாள். யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றும். கண் வலி. பீர் காய்ச்சப் போனான். அம்மாவின் சடலத்துக்குத் துணி சுற்றப் போனான். வீட்டில் பெண்ணுக்கு மாதவிலக்கு. சேபா என்பவனைத் தேள் கொட்டிவிட்டது. நித்தியத்தைப் பற்றிப் பேசுகிற எந்த உரையைவிடவும் இந்தக் கல் சில்லு எனக்கு முக்கியம். அடிமைகள் கட்டியது, வேற்றுக்கிரகத்தார் கட்டியது என்று கதை விடுகிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதே இல்லை, சேபாவின் மருத்துவ விடுப்பைக் காட்டினால் போதும்.

சம்பளம் தானியம். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நாலு மூட்டை எம்மர் கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆண்டில், ஏறக்குறைய கி.மு. 1157இல், அது வரவில்லை. தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு மதிலைத் தாண்டிப் போய், அரசர்களின் நினைவுக் கோயில்களின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்கு எழுதுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதை எழுதிவைத்த பாப்பிரஸ் இப்போது டூரினில் இருக்கிறது. நமக்கு ஆவணம் கிடைத்திருக்கும் வேலைநிறுத்தங்களில் இதுவே முதலாவது. இதை எல்லோரும் சுவாரஸ்யமான துணுக்காகச் சொல்வார்கள். உட்கார்ந்த இடத்தை மட்டும் கவனிக்க மாட்டார்கள். செத்துப்போன அரசர்களுக்குத் தினமும் ரொட்டியும் பீரும் போகும் கோயில்கள் அவை, பின்னால் தானியக் கிடங்குகள். இதே மூன்றாம் ராம்செஸ் மெதினெத் ஹாபுவில் கட்டிய கோயிலின் வெளிச்சுவரில் எந்தத் திருவிழாவுக்கு எத்தனை ரொட்டி, எத்தனை மாடு என்ற பட்டியல் இன்றும் நீளமாக ஓடுகிறது. செத்தவர்களுக்கு நிற்காமல் போன சோறு, அவர்களுக்குக் கல்லறை வெட்டியவர்களுக்கு நின்றுபோனது. எங்கே போய் உட்கார வேண்டும் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். 'எல்லாவற்றையும் கூலிக் கணக்காகப் பார்க்கிறாய். அந்தத் தொழிலாளர்களும் இதையெல்லாம் நம்பினார்களே? தங்களுக்கும் கல்லறை கட்டினார்களே?' ஆமாம், கட்டினார்கள். 1886இல் திறக்கப்பட்ட சென்னெஜெமின் கல்லறை டெய்ர் எல்-மதீனா தொழிலாளி ஒருவருடையது. உள்ளே அவரும் மனைவி ஈயினெஃபெர்தியும் மறுமையின் வயலில் வேலை செய்கிறார்கள். அவர் ஏர் ஓட்டுகிறார், அவள் பின்னால் விதைக்கிறாள், இரண்டு பேரும் வெள்ளை வெளேர் என்ற ஆடையில். கதிர் ஆள் உயரம். ஒரு துளி அழுக்கில்லை. நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. சொல்லப்போனால் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது நான்தான். அவர்கள் ரொட்டி என்று எழுதினால் ரொட்டி. அதைக் குறியீடு, படிமம் என்று ஆவியாக்குவது நீங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், என் தரப்புக்கு வசதியில்லாததுதான். இந்தத் தொழிலாளர்கள் அடித்தட்டு இல்லை. அவர்களுக்குத் தண்ணீர் சுமக்க, துணி வெளுக்க அரசு ஆள் கொடுத்தது, மாவு அரைக்க அடிமைப் பெண்களைக் கொடுத்தது. அந்த மாவு அரைத்தவளுக்கு எந்தச் சுவரிலும் வயல் இல்லை.

'மறுமை ஜனநாயகமானது' என்ற இன்னொரு வாதமும் உண்டு. பிரமிடுக்குள் அரசனுக்கு மட்டும் எழுதிய மந்திரங்கள் பிறகு அதிகாரிகளின் சவப்பெட்டிக்கு வந்தன, அதற்குப் பிறகு பாப்பிரஸ் சுருளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆனது, ஆகவே எல்லோருக்கும் சொர்க்கம். யார் வேண்டுமானாலும் என்றால், விலை கொடுக்க முடிந்த யார் வேண்டுமானாலும். இறந்தோர் நூலின் பிரதிகளில் பலவற்றை முன்கூட்டியே எழுதிப் பெயருக்கு மட்டும் இடம் விட்டுவைத்தார்கள். அனியின் புகழ்பெற்ற சுருளிலேயே அப்படி விட்ட இடங்களில் பெயரை நிரப்பியிருப்பது தெரிகிறது. இதற்குப் பெயர் ஜனநாயகம் இல்லை, டெம்ப்ளேட்.

விலை கொடுக்க முடியாதவர்களைப் பார்க்க அமர்னாவுக்குப் போக வேண்டும். அகெநாதென் ஒற்றைக் கடவுள் ஆதெனுக்காகப் பாலைவனத்தில் அவசர அவசரமாகக் கட்டிய தலைநகரம், பதினைந்து இருபது ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதன் வடக்குக் குன்றில் தலைமைப் பூசாரி மெரிராவின் கல்லறை. சுவரில் கோயில், கோயில் நிறையப் படையல் மேடைகள், மேடை நிறைய உணவு. அதே வடக்குக் கல்லறைகளை ஒட்டி, பாரி கெம்ப் தலைமையிலான குழு 2015இலும் 2017இலும் ஓர் எளிய இடுகாட்டைத் தோண்டியது. கிடைத்த எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்களுடையவை. அதிலும் சிறுவர் சிறுமிகளே அதிகம். அந்த வயதில் வரக்கூடாத முதுகெலும்பு முறிவும் மூட்டுத் தேய்மானமும். சவப்பெட்டி இல்லை, சாமான் என்று பெரிதாக எதுவும் இல்லை, ஒரே குழியில் இரண்டு மூன்று பேர். கட்டுமான வேலைக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் என்பதுதான் ஆய்வாளர்கள் முன்வைக்கும் வலுவான விளக்கம். மேலே மெரிராவின் சுவரில் ரொட்டி மலை. கீழே சுமை தூக்கி முதுகு உடைந்த பத்து வயது. 'மரணத்தை வென்ற மக்கள்' என்று இனி சொல்கிறவர்கள், இந்த இருவரில் யாரைச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.

எகிப்தியர்களே இதைக் கேள்வி கேட்காமல் விடவில்லை. ஒன்பதாம் ராம்செஸின் 16ஆம் ஆண்டில் பிடிபட்ட அமென்பனுஃபெர் ஒரு கல்தச்சன். ஏழு கூட்டாளிகளோடு இரண்டாம் சொபெகெம்சாஃப் அரசனின் கல்லறையைக் குடைந்து, மம்மியின் மேலிருந்த தங்கத்தை உரித்து, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தான். 160 தெபென் தங்கம், ஏறக்குறைய பதினான்கரை கிலோ, எட்டுப் பங்கு. வாக்குமூலத்தில் அவன் சொல்வது இன்னும் நன்றாக இருக்கிறது: முதல் முறை பிடிபட்டபோது தன் பங்கை ஓர் எழுத்தருக்குக் கொடுத்து வெளியே வந்தானாம், கூட்டாளிகள் அவன் இழப்பைப் பங்கிட்டு ஈடுகட்டினார்களாம். அவனைக் கொள்ளைக்காரன் என்போம். அடுத்த வம்சத்தில் ஆமூன் பூசாரிகளே அரசர் பள்ளத்தாக்கைத் திறந்து, தங்கத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, மம்மிகளுக்குப் புதுத் துணி சுற்றி, மொத்தமாக ஒரு மறைவிடத்தில் அடுக்கினார்கள். அதைப் புனித மீட்பு என்போம். மூன்றாம் துத்மோஸின் சவப்பெட்டியில் தங்கத் தகட்டை வாய்ச்சியால் செதுக்கிய தடம் இன்றும் தெரிகிறது.

அந்த மறைவிடம் 1881இல் அதிகாரிகள் கைக்கு வந்தது. அங்கிருந்து எடுத்தவர்களும் வேறு சிலருமாக 22 அரச மம்மிகள் 2021 ஏப்ரலில் கெய்ரோவின் தெருவில் ஊர்வலம் போயின. 21 குண்டு மரியாதை, நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகள். நானும் இரவில் முழித்திருந்து பார்த்தேன். அதே ஆண்டுகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தால், 2006இல் தொடங்கி, லக்சரின் மேற்குக் கரையில் கல்லறைகளின் மேல் தலைமுறைகளாகக் குடியிருந்த குர்னா ஊர்க்காரர்களின் வீடுகளை புல்டோசர் இடித்துத் தள்ளியது. கல்லறைகளைக் காப்பாற்ற என்றார்கள். துட்டன்காமன் கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டர் தன் எகிப்திய மேஸ்திரிகளில் நால்வரின் பெயரை எழுதிவைத்தார்: அகமது கெரிகர், காத் ஹசன், ஹுசைன் அபூ அவாத், ஹுசைன் அகமது சயீத். ஹாரி பர்ட்டனின் புகைப்படங்களில் கூடை சுமக்கும் மற்றவர்களில், அந்தப் பையன்களில், பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் யாரைத் தேள் கொட்டியது என்று தெரிகிறது. 1922இல் அந்தப் படிக்கட்டின் மண்ணை அள்ளியவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

லக்சருக்குப் போகிறவர்கள் மென்னாவின் கல்லறையைப் பாருங்கள். பதினெட்டாம் வம்சம், வயல்களின் கணக்கெழுத்தர். சுவரில் அவருடைய கண்களை யாரோ வேண்டுமென்றே கொத்தி எடுத்திருக்கிறார்கள், மறுமையில் தன் வயலை அவர் பார்வையிட முடியாதபடி. யார் செய்தது, என்ன பகை, தெரியாது. அவர் பக்கம் அதிகம் நிற்க வேண்டாம். அறுவடை வரிசைக்கு வாருங்கள். மரத்தடியில் ஒருவன் குழல் ஊதுகிறான், பக்கத்தில் ஒருவன் தூங்கி வழிகிறான். ஒருவனை அடிக்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள், சிந்திய கதிரைப் பொறுக்குவதில் வந்த சண்டையாக இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு பெண்கள். ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மற்றவள் குனிந்து அவள் பாதத்திலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.